கைவினைக் கரிம இழை மிதிவண்டி

கைவினைக் கரிம இழை மிதிவண்டி என்பது, கார்பன் ஃபைபர் எனப்படும் கரிம இழையால் ஆன சட்டகத்தைச் சிறிய தனியார் பட்டறை ஒன்றில், பெரும்பாலும் ஒரே ஓட்டுநரின் உடலளவுக்கும் ஓட்டும் முறைக்கும் ஏற்பக் கட்டி உருவாக்கப்படும் மிதிவண்டி ஆகும். இத்தகைய பட்டறைகள் அமெரிக்க ஐக்கிய நாடுகள், இத்தாலி, பிரித்தானியா, ஆசுத்திரேலியா போன்ற நாடுகளில் காணப்படுகின்றன. ஒரு பட்டறையில் ஒருவரோ சிலரோ மட்டுமே பணிபுரிவது வழக்கம்.

"கைவினை" என்ற சொல் இங்கு ஓரளவு குழப்பம் தரக்கூடியது. தைவானிலும் சீனாவிலும் உள்ள பெரிய தொழிற்சாலைகளில் உருவாகும் கரிம இழைச் சட்டகங்களும் கையால்தான் கட்டப்படுகின்றன. பிசின் ஊட்டிய இழைத்தாள்களை நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டி, அச்சுகளில் ஒவ்வொன்றாக அடுக்குவோர் அங்கும் தொழிலாளர்களே. வேறுபாடு கையில் இல்லை. அளவுகளை யார் முடிவு செய்கிறார், அடுக்குமுறையை யார் வகுக்கிறார், சட்டகம் உடைந்தால் யார் பொறுப்பேற்கிறார் என்பவற்றிலேயே உள்ளது.

மூலப்பொருள்

கரிம இழை பெரும்பாலும் பாலிஅக்ரிலோநைட்ரைல் என்னும் செயற்கை இழையிலிருந்து பெறப்படுகிறது. இவ்விழை முதலில் காற்றில் 200 முதல் 300 பாகை செல்சியசு வரை சூடாக்கப்பட்டு நிலைப்படுத்தப்படுகிறது. பின்னர் ஆக்சிசன் இல்லாத சூழலில் 1000 பாகைக்கும் மேல் சூடாக்கப்படுகிறது. அப்போது ஏனைய தனிமங்கள் நீங்கி, ஏறத்தாழ முழுதும் கரிமமாகிய இழை எஞ்சுகிறது. ஓர் இழையின் விட்டம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர் வரையே இருக்கும். இவ்வாறான ஆயிரக்கணக்கான இழைகள் ஒரு புரியாகச் சேர்க்கப்படுகின்றன. 3000 இழைகள் கொண்ட புரி "3கே" எனக் குறிக்கப்படும். பாவும் ஊடும் கட்டம் கட்டமாகத் தெரியும் நெசவுத் தோற்றம் பலருக்கும் பழக்கமானது. ஆனால் நெசவுத் துணி பெரும்பாலும் மேலடுக்கின் அழகுக்காகவே இடப்படுகிறது. சுமையைத் தாங்குபவை அதனடியில் உள்ள, இழைகள் எல்லாம் ஒரே திசையில் கிடக்கும் தாள்களே.

எஃகின் யங் குணகம் ஏறத்தாழ 200 கிகா பாசுக்கல். சாதாரண வகைக் கரிம இழையின் குணகம் 230 அளவிலும், உயர்விறைப்பு வகைகளில் 350க்கும் மேலும் இருக்கும். அடர்த்தியோ எஃகில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. எனினும் இந்த எண்கள் இழையின் நீளவாக்கில் மட்டுமே பொருந்தும். மூங்கில் நீளவாக்கில் எளிதாகப் பிளவுபடுவது போலவே, ஒரே திசையில் அடுக்கிய கரிம இழையும் குறுக்குவாட்டில் வலுவற்றது. அங்கு தாங்குவது பிசின் மட்டுமே. ஆகவே கட்டுநர் தாள்களைப் பல கோணங்களில் அடுக்குகிறார். குழாயின் நீளவாக்கில், அதாவது 0 பாகையில், இடும் இழைகள் வளைதலைத் தடுக்கின்றன. இருபுறமும் 45 பாகையில் இடுபவை முறுக்கலைத் தடுக்கின்றன. 90 பாகையில் இடுபவை குழாய் நசுங்காமல் காக்கின்றன. உலோகத்தில் கட்டுபவருக்குக் கிடைக்காத சுதந்திரம் இது. அதே சமயம் பிழை செய்வதற்கான இடமும் இதுவே.

வரலாறு

1970களில் எக்சான் எண்ணெய் நிறுவனம் கிராஃப்டெக் என்ற பெயரில் விற்ற மிதிவண்டி, கரிம இழையைப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒன்று. அதில் மெல்லிய அலுமினியக் குழாய்களின் மேல் கரிம இழை சுற்றப்பட்டு, அவை உலோக இணைப்புக் குவளைகளில் ஒட்டப்பட்டிருந்தன. 1986 ஆம் ஆண்டு டூர் டி பிரான்சு போட்டியில் வென்ற கிரெக் லெமாண்ட் கரிம இழைக் குழாய்களைக் கொண்ட பிரெஞ்சுச் சட்டகத்தில் ஓட்டினார். அதிலும் இணைப்புகள் உலோகமே. அதே ஆண்டில் அமெரிக்காவின் கெஸ்ட்ரல் நிறுவனம் முழுதும் கரிம இழையாலான சட்டகத்தை வெளியிட்டது.

சிறு பட்டறைகளின் வரலாறு கிரெய்க் கால்ஃபியிடமிருந்து தொடங்குகிறது எனலாம். இவர் மாசசூசெட்சில் கரிம இழையால் துடுப்புப் பந்தயப் படகுகள் கட்டும் பணியில் இருந்தார். 1987 ஆம் ஆண்டு ஒரு விபத்தில் தம் எஃகு மிதிவண்டி சிதைந்தபோது, படகுக்குப் பயன்பட்ட பொருளைக் கொண்டே தமக்கொரு சட்டகம் கட்டிக்கொண்டார். பின்னர் கலிபோர்னியாவுக்குச் சென்று கார்பன்ஃபிரேம்சு என்ற பெயரில் தொழில் தொடங்கினார். லெமாண்ட் தம் அணிக்காக இவரிடம் சட்டகங்கள் வாங்கினார். 1991 ஆம் ஆண்டு டூர் போட்டியில் லெமாண்ட் இச்சட்டகத்துடன் சில நாட்கள் மஞ்சள் சட்டை அணிந்து, இறுதியில் 7 ஆம் இடம் பெற்றார். உலகின் முதன்மையான போட்டியில், ஒரு சிறு பட்டறையின் பொருள் பெருநிறுவனங்களின் சட்டகங்களுக்கு இணையாக நின்றது அப்போதுதான். கார்பன்ஃபிரேம்சு பின்னாளில் கால்ஃபி டிசைன் எனப் பெயர் மாறியது. மூங்கில் குழாய்களை இணைத்துச் சட்டகம் கட்டியதற்காகவும் இவர் அறியப்படுகிறார்.

படகிலிருந்து மிதிவண்டிக்கு வந்தவர் இவர் ஒருவர் மட்டும் அல்லர். 2000 ஆம் ஆண்டில் பார்லி நிறுவனத்தைத் தொடங்கிய பாப் பார்லியும் மாசசூசெட்சில் படகு கட்டியவரே. டெக்சாசின் ஆசுட்டின் நகரில் நிக் கிரம்ப்டன் தம் பெயரிலேயே பட்டறை நடத்தினார். 2007 இல் போர்ட்லண்டில் எஃகுச் சட்டகங்களுடன் தொடங்கிய ஆர்கோநாட் நிறுவனத்தின் பென் ஃபார்வர் பின்னர் கரிம இழைக்கு மாறினார். ஓட்டுநரின் எடைக்கும் விருப்பத்திற்கும் ஏற்ப அடுக்குமுறையையே மாற்றுவது இந்நிறுவனத்தின் சிறப்பு. மெல்போர்னில் டொயோட்டாவின் முன்னாள் பொறியாளர்கள் தொடங்கிய பாசுடியன் நிறுவனம், முப்பரிமாண அச்சில் உருவாக்கிய டைட்டானிய இணைப்புகளில் கரிம இழைக் குழாய்களை ஒட்டுகிறது. ஆசுத்திரேலியாவில் டொயோட்டா தன் மகிழுந்து உற்பத்தியை 2017 இல் நிறுத்தியது. ஒரு தொழில் மறையும்போது அதன் திறமை எங்கே செல்கிறது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

இத்தகைய கட்டுநர்கள் ஒன்றுகூடிய வட அமெரிக்கக் கைவினை மிதிவண்டிக் கண்காட்சி 2005 இல் ஹூஸ்டனில் தொடங்கி 2019 வரை ஆண்டுதோறும் நடைபெற்றது. 2023 முதல் போர்ட்லண்டில் "மேட்" என்ற கண்காட்சி நடத்தப்படுகிறது.

கட்டும் முறைகள்

பெருநிறுவனங்கள் சட்டகத்தைச் சில பெரும் பகுதிகளாக உலோக அச்சுகளில் வார்த்து ஒட்டுகின்றன. ஒவ்வோர் அளவுக்கும் தனி அச்சு தேவை. அச்சின் செலவு மிகுதியானதால், ஒரு மாதிரிக்கு ஆறு அல்லது ஏழு அளவுகளோடு நிறுத்திக்கொள்கின்றன. கால் நீண்டு உடற்பகுதி குறுகிய ஒருவர் இவற்றில் இரண்டுக்கு நடுவே மாட்டிக்கொள்வது உண்டு.

சிறு பட்டறைகளில் பரவலாக உள்ளது குழாய்க்குக் குழாய் முறை. ஆயத்தமான அல்லது பட்டறையிலேயே உருட்டிய குழாய்களின் முனைகள், ஒன்றன்மேல் ஒன்று இடைவெளியின்றிப் பொருந்துமாறு குழிவாக வெட்டப்படுகின்றன. அவை தாங்குசட்டத்தில் நிறுத்தப்பட்டு, எப்பாக்சிப் பசையால் ஒட்டப்படுகின்றன. பின்பு இணைப்பின்மேல் கரிம இழைத் தாள்கள் அடுக்கடுக்காகச் சுற்றப்பட்டு, அழுத்தத்தின் கீழ் சூடாக்கி இறுக்கப்படுகின்றன. பயன்படும் பிசினைப் பொறுத்து இவ்வெப்பம் 120 பாகை அளவில் இருக்கும். அழுத்தம் போதாவிடில் அடுக்குகளுக்கிடையே காற்றுக்குமிழ்கள் தங்கிவிடும். வெளியே தெரியாத இக்குமிழ்களே பிற்காலத்தில் அடுக்குப் பிரிவின் தொடக்கப் புள்ளிகளாகின்றன. இறுதியில் மேற்பரப்பைத் தேய்த்து வண்ணம் பூசுகின்றனர். தேய்க்கும்போது மேலடுக்கின் இழைகளை அறுத்துவிடாமல் இருப்பது தேர்ச்சியைக் காட்டும் இடம். கரிமத் தூசு நுரையீரலுக்குத் தீங்கானது என்பதால் கட்டுநர்கள் முகமூடி அணிகின்றனர்.

இம்முறையில் அச்சுச் செலவு இல்லை. தலைக்குழாயின் சாய்வை அரைப் பாகை மாற்றுவதற்கும் மேற்குழாயை 8 மில்லிமீட்டர் குறைப்பதற்கும் வெட்டும் கோணத்தையும் நீளத்தையும் மாற்றினால் போதும். முடிந்த சட்டகத்தின் எடை ஏறத்தாழ 1 கிலோகிராம். தொழிற்சாலைச் சட்டகங்களுள் மிக இலேசானவை இதைவிடக் குறைந்த எடை கொண்டவை. எனவே எடை ஒன்றுக்காகவே கைவினைச் சட்டகத்தை நாடுவது பொருத்தமன்று. பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியத்தின் விதிப்படி சாலைப் போட்டி மிதிவண்டியின் முழு எடை 6.8 கிலோகிராமுக்குக் குறையக் கூடாது.

பாதுகாப்பும் சோதனையும்

எஃகுச் சட்டகம் மிகைச் சுமையில் முதலில் வளையும். வளைந்தது கண்ணுக்குத் தெரியும். கரிம இழை பெரும்பாலும் வளைந்து எச்சரிப்பதில்லை. மோதலுக்குப் பின் மேற்பூச்சில் ஒரு கீறல் மட்டும் தெரிய, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். நாணயத்தால் குழாயை மெல்லத் தட்டிக் கேட்பது பழைய வழி: நல்ல இடத்தில் கணீரென்ற ஒலியும் அடுக்கு பிரிந்த இடத்தில் மங்கிய ஒலியும் எழும். பானை வாங்குவோர் தட்டிப் பார்ப்பதும் இதே தத்துவமே. எனினும் குழாயின் கனம் மாறும் இடங்களிலும் ஒலி மாறுவதால், ஐயமுள்ள சட்டகத்தை மீயொலிக் கருவியால் சோதிப்பதே உறுதியானது.

மிதிவண்டிகளுக்கான ஐ.எசு.ஓ. 4210 தரநிலை, மிதிக்கும் விசையைப் போன்ற சுமையைச் சட்டகத்தின் மேல் 100,000 முறை செலுத்திச் சோதிக்கக் கோருகிறது. சோதனைக்கு உட்பட்ட சட்டகம் பின்னர் விற்பனைக்கு உரியதன்று. ஆயிரக்கணக்கில் செய்யும் நிறுவனத்துக்குச் சில சட்டகங்களை இழப்பது பொருட்டல்ல. ஒரே ஒருவருக்காகக் கட்டிய சட்டகத்தையோ அவ்வாறு சோதிக்க இயலாது. ஆகவே கட்டுநர் தம் இணைப்பு முறையை மாதிரிச் சட்டகங்களில் சோதித்து, அதே முறையை எல்லாவற்றிலும் மாறாமல் கையாள வேண்டியுள்ளது. வாங்குபவர் தம் அளவுக்கான சட்டகத்தை நம்புவது உண்மையில் இந்த மாறாமையை நம்புவதே. எத்தனை சட்டகங்கள் கட்டப்பட்டன, எவை திரும்பி வந்தன, ஏன் வந்தன என்று முன்பணம் தருமுன் கேட்பது முறையற்றதன்று. நல்ல கட்டுநர்கள் விடை கூறுகின்றனர்.

பராமரிப்பு

கரிம இழை துருப்பிடிப்பதில்லை. ஆனால் அது மின்கடத்தி. ஆகவே அலுமினியத்தை நேரடியாகத் தொட்டு, உப்பு கலந்த ஈரமும் சேர்ந்தால் மின்கலம் போன்ற அமைப்பு உருவாகி அலுமினியம் அரிக்கப்படுகிறது. வியர்வையே இதற்குப் போதும். பழைய கரிம இழைச் சட்டகங்கள் சிலவற்றில் குழாய்கள் அலுமினியக் குவளைகளிலிருந்து கழன்றதற்கு இதுவே காரணம். பிற்காலத்தில் இடையே கண்ணாடி இழை அடுக்கு இடுவதும், அலுமினியத்துக்கு மாற்றாக டைட்டானியத்தைப் பயன்படுத்துவதும் வழக்கமாயின. அலுமினிய இருக்கைத் தண்டு உள்ள வண்டியில் ஆண்டுக்கு இருமுறையேனும் அதனை வெளியே எடுத்துத் துடைக்காவிடில், அது சட்டகத்தோடு இறுகி எடுக்க முடியாமல் போகும்.

கரிம இழைத் தண்டுக்கு மசகு பூசினால் அது வழுக்கும். வழுக்குவதைத் தடுக்கத் திருகாணியை மேலும் முறுக்கினால் குழாய் நசுங்கும். இதற்கென மணல் போன்ற நுண்துகள் கலந்த பசை கிடைக்கிறது. இருக்கைத் தண்டின் திருகாணிக்குப் பொதுவாக 5 நியூட்டன் மீட்டர் அளவிலான முறுக்குவிசையே குறிக்கப்பட்டிருக்கும். கை மதிப்பில் முறுக்காமல் டார்க் ஸ்பானரால் அளந்து முறுக்க வேண்டும். பழுது பார்க்கும் தாங்கியில் மேற்குழாயைப் பிடித்து நிறுத்துவதும் தவறு.

பழுது நீக்கல்

கரிம இழை உடைந்தால் எறிய வேண்டியதே என்பது பரவலான தவறான கருத்து. சேதமுற்ற பகுதியை நீக்கி, சுற்றியுள்ள அடுக்குகளைப் படிப்படியாகச் சரிவாகத் தேய்த்து, முன்பிருந்த அதே கோணங்களில் புதிய அடுக்குகளை இட்டு இறுக்கினால் வலிமையை மீட்கலாம். கால்ஃபி டிசைன் பிற நிறுவனங்களின் சட்டகங்களையும் இவ்வாறு சீர்செய்து தந்தது. குழாய்க்குக் குழாய் முறையில் கட்டிய சட்டகத்துக்கு இதில் ஒரு நன்மை உண்டு: கட்டியவரிடமே அடுக்குமுறையின் பதிவு இருக்கும், தேவையானால் ஒரு முழுக் குழாயையே அவரால் மாற்ற முடியும்.

விலை, உத்தரவாதம்

சட்டகத்தின் விலை மட்டுமே பல ஆயிரம் அமெரிக்க டாலர்கள் ஆகிறது. முன்பணம் செலுத்தியபின் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியுள்ளது. பிறர் உடலளவுக்குக் கட்டியது என்பதால் மறுவிற்பனையில் வாங்குவோர் குறைவு.

பல பட்டறைகள் முதல் உரிமையாளருக்கு நீண்டகால உத்தரவாதம் அளிக்கின்றன. ஆனால் அவ்வுத்தரவாதத்தின் ஆயுள் பட்டறையின் ஆயுளே. 1972 இல் தொடங்கி, உடலளவுக்கேற்ற சட்டகங்களுக்குப் பெயர்பெற்ற நியூயார்க் மாநிலத்தின் செரோட்டா நிறுவனம் 2013 இல் தன் தொழிற்சாலையை மூடியது. பார்லி நிறுவனம் 2023 இல் நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது. பின்னர் புதிய உரிமையாளரின் கீழ் தொடர்ந்தது. கட்டுநர் ஓய்வு பெற்றாலோ இறந்தாலோ, பின்சக்கரத்தைத் தாங்கும் முனைத்துண்டு, வண்ணக் குறியீடு, அடுக்குமுறை ஆகியவற்றுக்கு ஆதாரமின்றிப் போகலாம். இதனால், வரைபடத்தின் படி ஒன்றைக் கேட்டு வாங்கி வைப்பதும், எங்கும் கிடைக்கும் பொது அளவிலான தாங்கிகளையும் அச்சுகளையும் தேர்ந்தெடுப்பதும் நல்லது. தனி அளவிலான உதிரிப்பாகத்தைக் கோரும் சட்டகம் எவ்வளவு நேர்த்தியாக இருப்பினும், அப்பாகம் கிடைக்காத நாளில் சுவரில் தொங்குவதற்கே ஆகும்.