வறுமையின் உடலியல் தாக்கம்

சாதி, வருமானம், உணவு, வேலை ஆகியவற்றில் உள்ள பின்னடைவு நாளடைவில் இரத்தத்திலும் சுரப்பிகளிலும் உறுப்புகளிலும் உண்டாக்கும் மாற்றம். பொதுநல மருத்துவம், ஊட்டச்சத்தியல் இரண்டின்கீழும் வரும்.

ஓயாத நெருக்கடியில் கார்டிசோல் சுரப்பு நிலைகுலைந்து, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உயரும். இதனால் உடலில் சேரும் தேய்மானத்துக்கு 1993இல் மெக்ஈவன், ஸ்டெல்லர் என்னும் ஆய்வாளர்கள் இட்ட பெயர் அலோஸ்டாடிக் சுமை.

இத்தாக்கத்தைக் காணக்கூடிய ஓரிடம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால்; அது தமிழக மாவட்டங்களும் கடலும் சூழ்ந்த டெல்டா நிலம். பேயுருவம் வேண்டிப் பெற்றதாகச் சொல்லப்படும் சிவனடியார் காரைக்கால் அம்மையாரின் மெலிவு தேர்ந்துகொண்டது. வயற்கூலிகளின் மெலிவு அப்படியன்று. அரிசியே பெரும்பங்கான உணவில் இரும்புச்சத்து குறைவு. வெறுங்காலுடன் சேற்றில் நிற்போரைத் தொற்றும் கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15–49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. சோகையுள்ள தாய்க்கு 2.5 கிலோவுக்குக் குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு மிகுதி. இந்தியக் குழந்தைகள் எடை குறைந்தும் கொழுப்புப் பங்கு கூடியும் பிறப்பதை மருத்துவ ஆய்வாளர் யாக்னிக் குழுவின் புனே ஆய்வு காட்டியது. இவ்வமைப்பு பிற்கால நீரிழிவுடன் தொடர்புபடுத்தப்படுகிறது.

காரைக்காலின் கடற்கரைக் குப்பங்களில் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை உயிர்களோடு படகு, வலை என்னும் பிழைப்பையும் பறித்து, மேற்சொன்ன ஓயாத நெருக்கடிக்கு வழிவிட்டது.