பெரகலச் சந்தியும் ஹேக் நீதிமன்றமும்

சென்ற நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் என் தங்கை பெரகலைக்கு வந்திருந்தாள். கூடவே அவளுடைய மூத்த மகளும் வந்தாள். மருமகளுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் ஆய்வு செய்ய இடம் கிடைத்திருக்கிறது. மருத்துவமுமல்ல, பொறியியலுமல்ல. போரில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதைச் சர்வதேசச் சட்டம் எவ்வாறு கட்டுப்படுத்தலாம் என்பதுதான் அவள் எடுத்திருக்கும் பொருள். கிடைக்கும் உதவித்தொகை முழுச் செலவுக்கும் போதாது. மீதிக்கு வெல்லவாயப் பக்கமுள்ள காணியை விற்க வேண்டும். வாப்பா கடை வருமானத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய காணி அது.

"நானா, இதென்ன படிப்பு? இதப் படிச்சிட்டு வந்தா இந்த நாட்டுல ஆரு உத்தியோகம் குடுப்பாங்க?"

தங்கை கேட்டது நியாயமான கேள்வி. வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்ற எனக்கு உடனே பதில் வரவில்லை. காணியில் எனக்கும் பங்குண்டு என்பதால் பேசாமலும் இருக்க முடியவில்லை. அன்றிரவு முழுக்க என் மனதில் ஓடிக்கொண்டிருந்தவர் ஒரு சிங்களக் கனவான், கிறிஸ்தவர். எம்மவர் கூட்டங்களில் அவர் பெயர் உச்சரிக்கப்பட்டு நான் கேட்டதேயில்லை.

கிறிஸ்டோபர் கிரகரி வீரமந்திரி 1926 இல் கொழும்பில் பிறந்தவர். 1967 முதல் 1972 வரை எமது உயர் நீதிமன்றத்தின் நீதியரசராக இருந்தார். பிறகு அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியரானார். பதவியும் மரியாதையும் உள்ள ஒருவர் பேராசிரியராகப் போனால் பழைய தீர்ப்புகளைத் தொகுத்துக்கொண்டு நிம்மதியாகக் காலத்தைக் கழித்திருக்கலாம். இவரோ தொழில்நுட்பத்தின் பக்கம் திரும்பினார். 1983 இல் வெளிவந்த அவரது ஆங்கில நூலின் பெயரைத் தமிழில் 'உறங்கும் காவலாளிகள்' எனலாம். விஞ்ஞானம் புதிது புதிதாக ஆற்றல்களைக் கொண்டுவந்து கொட்டுகிறது. மனித உரிமைகளுக்குக் காவல் நிற்க வேண்டிய சட்டமோ உறங்கிக்கொண்டிருக்கிறது என்பது அந்நூலின் குற்றச்சாட்டு. எங்கள் மலைநாட்டுப் பாடசாலைகளில் கணினி என்ற பொருளையே யாரும் கண்டிராத காலம் அது. நான்கு வருடங்கள் கழித்து, 1987 இல், அணுவாயுதத்தைச் செய்து கொடுக்கும் விஞ்ஞானிக்கும் பொறுப்புண்டு என்று இன்னொரு நூல் எழுதினார். அடுத்த வருடம் அவர் எழுதியது இஸ்லாமியச் சட்டவியல் பற்றி. சர்வதேசச் சட்டத்தின் வரலாற்றை ஐரோப்பாவிலிருந்து மட்டும் தொடங்குவது தவறு, இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் அதற்கு முன்பே போர் விதிகளை விரிவாக எழுதிவிட்டனர் என்று ஒரு கிறிஸ்தவர் ஆதாரங்களோடு வாதிட்டார். அந்த நூல் இன்றுவரை எத்தனை முஸ்லிம் பாடசாலை நூலகங்களில் இருக்கிறது?

1991 இல் அவர் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தின் நீதிபதியானார். அணுவாயுதத்தைப் பயன்படுத்துவது, பயன்படுத்துவதாக மிரட்டுவது சட்டபூர்வமானதா என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1994 டிசம்பரில் அந்த நீதிமன்றத்திடம் கேட்டது. 1996 ஜூலை 8 ஆம் திகதி அபிப்பிராயம் வெளியானது. அது பொதுவாகச் சட்டவிரோதமே. ஆனால் ஒரு நாட்டின் இருப்பே ஆபத்துக்குள்ளாகும் உச்சத் தற்காப்பு நிலையில் திட்டவட்டமாக ஒன்றும் சொல்வதற்கில்லை என்றது நீதிமன்றம். நீதிபதிகள் ஏழுக்கு ஏழாகப் பிரிந்து, தலைவரான அல்ஜீரியாவின் முஹம்மத் பெஜாவியின் தீர்மான வாக்கால் நிறைவேறிய முடிவு அது. அந்த 'ஆனால்' வேண்டாம், எந்த நிலையிலும் சட்டவிரோதமே என்று மறுத்து எழுதியவர்களில் வீரமந்திரியும் ஒருவர். அதே பக்கம் நின்ற இன்னொருவர் கயானாவின் முஹம்மத் ஷஹாபுதீன், இந்திய வம்சாவளி முஸ்லிம். தோட்டப்புறத்தில் வாழும் நாம் இந்தப் பெயரையும் நினைவில் வைத்திருக்கலாம்.

வீரமந்திரியின் மறுப்புரை ஒரு நூலளவு நீண்டது. உலகத்தையே அழிக்கும் ஆயுதத்தை எடுக்காமல் விட்டதைச் சொல்லும் இராமாயண, மகாபாரதக் கதைகள் அதில் வருகின்றன. குறுக்கு வில்லைத் தடைசெய்த 1139 ஆம் ஆண்டின் கிறிஸ்தவ மகாசபை வருகிறது. இஸ்லாம் நஞ்சு தோய்த்த அம்பைத் தடுத்தது, போரிடாதவரைக் காத்தது, பயிரையும் கால்நடையையும் அழிக்கலாகாது என்றது, சிறைப்பட்டவருக்கு உணவளிக்கச் சொன்னது என்பதெல்லாம் வருகின்றன. அபூபக்கர் (ரலி) படையை வழியனுப்பும்போது கனிதரும் மரத்தை வெட்டாதீர் என்று சொன்னதை நாம் மக்தப்பில் படித்திருக்கிறோம். அதே கருத்து அணுவாயுத வழக்கில் ஒரு சட்ட வாதமாக எழுந்து நின்றது.

பயிரும் கால்நடையும் என்ற இடத்தில் என் நினைவு ஊவாவுக்கே திரும்பிவிடுகிறது. கொழும்பிலிருந்து வரும் பிரதான வீதி எங்கள் சந்தியில்தான் பிரிகிறது. ஒரு கிளை அப்புத்தளைக்கு ஏறும். மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும். அதற்கும் அப்பால் வெல்லஸ்ஸ. பிரித்தானியர் அங்கே ஹாஜி மரிக்கார் என்ற முஸ்லிமை முகாந்திரமாக நியமித்தது 1817 இன் கிளர்ச்சிக்கு ஓர் உடனடிக் காரணமாயிற்று. அவர் கொல்லப்பட்டார். விசாரிக்கப் புறப்பட்ட பதுளையின் உதவி வதிவிடப் பிரதிநிதி வில்சன் அம்பெய்து கொல்லப்பட்டார். ஹாஜி மரிக்கார் துரோகியா, விசுவாசியா என்ற விவாதத்தோடு எம்மவரில் பலர் இந்த அத்தியாயத்தை மூடிவிடுகிறார்கள். பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிதாகப்படுகிறது. ஆளுநர் பிரவுன்றிக்கின் படைகள் வீடுகளைக் கொளுத்தின, நெல்லை எரித்தன, மாடுகளைக் கொன்றன, கனிமரங்களைத் தறித்தன. படையோடு வந்த மருத்துவர் ஜோன் டேவி 1821 இல் வெளியிட்ட தம் நூலில், சண்டையிலும் தூக்கிலும் நோயிலும் பசியிலும் இறந்த கண்டி மக்கள் ஒருவேளை பத்தாயிரம் பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார். ஒருபுறம் வில்லும் அம்பும், மறுபுறம் துப்பாக்கியும் தீப்பந்தமும். எதிரியைக் 'கலகக்காரன்' என்று பெயரிட்டுவிட்டால் போர் விதி எதுவும் அவனுக்குப் பொருந்தாது என்பதே அன்றைய சட்டம்.

1899 இல் ஹேக் நகரில் கூடிய மாநாடு, உடலுக்குள் போய் விரியும் துப்பாக்கிக் குண்டைத் தடைசெய்தது. 'டம்டம்' என்று அதற்குப் பெயர் வந்தது கல்கத்தாவுக்கு அருகிலுள்ள ஆயுதச்சாலையால். நாகரிகமற்றவர்களை எதிர்க்க அது தேவை என்று பிரித்தானியத் தரப்பு அங்கே வாதிட்டது. அடுத்த ஆண்டு, தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர்களைக் கொண்டுவந்து எங்கள் தியத்தலாவையில் அடைத்தார்கள். ஏறக்குறைய ஐயாயிரம் பேர். அதே 1899 மாநாட்டில் மார்ட்டென்ஸ் என்ற ரஷ்யச் சட்ட அறிஞரின் பெயரால் வழங்கும் ஒரு வாசகம் உருவானது. ஒப்பந்தத்தில் எழுதப்படாத விடயங்களிலும் மனிதாபிமானமும் பொது மனச்சாட்சியும் மக்களைக் காக்கும் என்பது அதன் பொருள். 1996 இல் வீரமந்திரி பற்றிக்கொண்டது அந்த வாசகத்தை. இன்று தானே இலக்கைத் தேர்ந்து சுடும் ஆயுதங்களை எதிர்ப்போர் பற்றிக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

அந்த ஆயுதங்கள் பற்றிய பேச்சு ஜெனீவாவில் 2014 மே மாதம் தொடங்கியது. 2017 இல் அரசாங்க நிபுணர் குழு முறைப்படி கூடியபோது தலைமை தாங்கியவர் இந்தியத் தூதுவர் அமன்தீப் சிங் கில். அணுவாயுதம் குறித்து ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவர். 2019 இல் பதினொரு வழிகாட்டிக் கொள்கைகள் ஏற்கப்பட்டன. பொறுப்பை இயந்திரத்தின் மேல் சுமத்த முடியாது, அது மனிதனிடமே இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. 2023 டிசம்பரில் பொதுச்சபையின் தீர்மானத்துக்கு 152 நாடுகள் ஆதரவளித்தன. கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் மட்டும் இன்னும் வரவில்லை. சுடுபவன் யார் என்பது தெரியாத ஆயுதத்துக்கு யாரைக் கூண்டில் ஏற்றுவது? என் மருமகள் ஆராயப் போவது இதைத்தான்.

இந்தப் பாதையில் எங்கள் நாட்டவர் வேறு சிலரும் நடந்திருக்கிறார்கள். ஜயந்த தனபால 1987 முதல் 1992 வரை ஜெனீவாவில் ஐக்கிய நாடுகளின் ஆயுதக்களைவு ஆய்வு நிறுவகத்தை நடத்தியவர். 1995 இல் அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்த மீளாய்வு மாநாட்டின் தலைவர்.

அப்துல் கலாமைப் பற்றி நாம் எத்தனை விழா எடுத்துவிட்டோம்! இராமேஸ்வரத்துப் பிள்ளை, தமிழ் முஸ்லிம், அக்னி ஏவுகணை, குடியரசுத் தலைவர். பெருமைதான், மறுக்கவில்லை. ஏவுகணை செய்தவரின் படம் எங்கள் வகுப்பறைச் சுவரில் தொங்கியது. ஏவுகணையைக் கேள்வி கேட்ட எங்கள் நாட்டவரின் படம் தொங்கவில்லை. இருபது வருடம் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று படிப்பித்தவன் நான்தான்.

தங்கையிடம் ஹேக்கையும் ஜெனீவாவையும் சொல்லிப் பயனில்லை என்று தெரியும். காலையில் அவளைக் கொஸ்லந்தை வீதியில் சிறிது தூரம் நடக்கக் கூட்டிப்போனேன். அந்த வீதியில்தான் மீரியபெத்த இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயன்களை மூடிய இடம். அந்த நிலம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. மண்ணை அளக்கும் அறிவு நாட்டில் இருந்தது. போவதற்கு மாற்றுக் காணி தோட்டத் தொழிலாளிக்கு இருக்கவில்லை. கொடுக்க வேண்டியது யாருடைய கடமை என்று இன்றும் ஒருவர் மற்றவரைக் காட்டுகிறார்.

"அப்ப இவ படிக்கப் போறது இதயா?" என்றாள் தங்கை.

"இதயும்தான் உம்மா" என்றாள் பின்னால் வந்த மகள்.

தங்கை ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது மருமகள் என் அலுமாரியிலிருந்து வீரமந்திரியின் இஸ்லாமியச் சட்டவியல் நூலை எடுத்துக்கொண்டு போனாள். திருப்பித் தருவாளோ தெரியாது. இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கும்போது வெல்லவாயவிலிருந்து அழைப்பு வந்தது. காணியை அளக்க நில அளவையாளர் வரும் செவ்வாய்க்கிழமை வருகிறாராம். உறுதியை எடுத்துக்கொண்டு என்னையும் வரச் சொல்லியிருக்கிறாள் தங்கை.