கேம் கன்சோலுக்கு எத்தனை எம்பிபிஎஸ் வேண்டும்? ஒரு நாற்பதாண்டுக் கதை



“புது கேம் கன்சோல் வாங்கலாம்னு இருக்கோம் சார். வீட்டு நெட் 40 எம்பிபிஎஸ்தான். போதுமா?” இப்போது பிள்ளைகளுக்குப் பெற்றோராகிவிட்ட என் பழைய மாணவர்கள் பலர் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது. பதிவு கொஞ்சம் நீளம். ஆனால் இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் நாற்பது வருட வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால், வேகத்தைவிட முக்கியமான வேறொன்றைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டும் என்பது புரியும்.

ஒரு கன்சோலுக்கு இணையம் மூன்று வேலைகளுக்குத் தேவைப்படுகிறது. ஒன்று, வேறு ஊரில் இருப்பவரோடு சேர்ந்து விளையாட. இரண்டு, விளையாட்டையே பதிவிறக்கம் செய்ய. மூன்று, “இதை நான் விளையாடலாமா?” என்று கம்பெனியிடம் அனுமதி கேட்க. மூன்றுக்கும் வேண்டிய வேகம் வேறு வேறு. இந்த மூன்றாவது வேலை எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் நான் சொல்லவரும் கதை.

ஆரம்பத்தில் எதற்குமே இணையம் தேவைப்படவில்லை. நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் ஃபாமிகாம் என்ற கன்சோலை வெளியிட்டது. அதற்காக 1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டின் மொத்த அளவு 40 கேபி. உங்களுக்குத் தினமும் வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம்கூட அதைவிடப் பெரியதாக இருக்கும். கார்ட்ரிட்ஜைச் செருகினால் ஆட்டம் தொடங்கும். அன்று வாங்கிய கார்ட்ரிட்ஜ் பழுதாகாமல் இருந்தால் இன்றும் ஓடும். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

அதே 1983இல் அமெரிக்காவில் வேறொரு முயற்சி நடந்தது. வில்லியம் வான் மெய்ஸ்டர் என்பவர் அட்டாரி 2600 கன்சோலுக்காக ‘கேம்லைன்’ என்ற சேவையைத் தொடங்கினார். கன்சோலில் ஒரு மோடத்தைச் செருகித் தொலைபேசிக் கம்பியில் இணைத்தால் விளையாட்டு இறங்கும். அதைக் குறிப்பிட்ட சில முறை ஆடலாம். அதற்குப் பிறகு மறுபடி போன் போட்டு, மறுபடி பணம் கட்ட வேண்டும். அந்த ஆண்டு அமெரிக்காவில் வீடியோ கேம் சந்தையே சரிந்ததால் கேம்லைன் நிலைக்கவில்லை. ஆனால் அந்தக் கம்பெனியின் மிச்சத்திலிருந்து 1985இல் உருவான நிறுவனம்தான் பின்னாளில் அமெரிக்கா ஆன்லைன் என்று உலகப் புகழ் பெற்றது. விளையாட்டை விற்காமல் வாடகைக்கு விடலாம் என்ற யோசனை இணையம் வீடுகளுக்கு வருவதற்கு முன்பே பிறந்துவிட்டது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானில் 1988இல் ஃபாமிகாமுக்கும் மோடம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதை வைத்துப் பங்குச் சந்தை வியாபாரமும் குதிரைப் பந்தயமும் செய்தார்கள். அதைவிடச் சுவையானது 1995இல் வந்த ‘சாட்டலாவியூ’. சூப்பர் ஃபாமிகாமுக்குக் கீழே பொருத்தும் இந்தக் கருவிக்கு, செயற்கைக்கோள் வழியாக விளையாட்டுகளை ஒலிபரப்பினார்கள். சில விளையாட்டுகளுக்குக் கூடவே நேரலையில் நடிகர்கள் குரல் கொடுத்தார்கள். வானொலி நாடகம் மாதிரி, அந்த நேரத்தில் உட்கார்ந்தால்தான் முழு ஆட்டம். குரல் கருவியில் பதிவாகாது. 2000 ஜூன் மாதத்தோடு சேவை நின்றது. அந்த விளையாட்டுகளில் பலவற்றை இன்று முழுமையாக ஆட வழியில்லை. ஆர்வலர்கள் பழைய மெமரி பேக்குகளைத் தேடி வாங்கி, மிஞ்சியதை மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். கம்பெனியின் ஒலிபரப்பை நம்பியிருக்கும் விளையாட்டு, ஒலிபரப்பு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இது முதல் பாடம்.

இனி, சேர்ந்து விளையாடும் கதை. சேகா நிறுவனம் 1998இல் ஜப்பானிலும் 1999இல் அமெரிக்காவிலும் வெளியிட்ட ட்ரீம்காஸ்ட் கன்சோலுக்குள்ளேயே மோடம் இருந்தது. அமெரிக்க மாடலில் அதன் வேகம் 56 கேபிபிஎஸ். ஆனால் 2001இல் சேகா கன்சோல் தயாரிப்பையே கைவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் வந்த மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் நேர் எதிரான முடிவை எடுத்தது. தொலைபேசி மோடமே கிடையாது. ஈதர்நெட் போர்ட் மட்டும். கூடவே 8 ஜிபி ஹார்ட் டிஸ்க். 2002 நவம்பரில் தொடங்கிய எக்ஸ்பாக்ஸ் லைவ் சேவைக்கு பிராட்பேண்ட் கட்டாயம். அமெரிக்காவிலேயே பெரும்பாலான வீடுகளில் பிராட்பேண்ட் இல்லாத காலம் அது. ஒரு கன்சோல் ‘இந்த இணையம் இருந்தால்தான் உள்ளே வரலாம்’ என்று வாசலில் கோடு போட்டது அப்போதுதான்.

சேர்ந்து விளையாட உண்மையில் எவ்வளவு வேகம் தேவை? ஆச்சரியப்படுவீர்கள்: பெரும்பாலும் 1 எம்பிபிஎஸ்கூடத் தேவையில்லை. ‘நான் இடப்பக்கம் நகர்ந்தேன், சுட்டேன்’ என்ற சிறு செய்திகள்தான் போய் வருகின்றன. இங்கே முக்கியம் தாமதம். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. போகும். 1,000 கி.மீ. தொலைவில் இருக்கும் சர்வருக்குச் செய்தி போய்த் திரும்ப குறைந்தது 10 மில்லிவிநாடி ஆகும். வழியில் உள்ள கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரம் தனி. திரையில் விநாடிக்கு 60 படம் ஓடினால், ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிவிநாடிதான். இணையத் திட்டத்தை 40இலிருந்து 400 எம்பிபிஎஸ் ஆக்கினாலும் இந்தத் தூரம் குறையாது. சாலையை அகலப்படுத்தினால் நிறைய லாரி போகலாம். அதற்காக மதுரை சென்னைக்குப் பக்கத்தில் வந்துவிடாது. எனவே வேகத்துக்குக் கூடுதல் பணம் கட்டுவதற்கு முன், வைஃபையை விட்டுவிட்டுக் கன்சோலுக்கு ஒரு ஈதர்நெட் கேபிள் போட்டுப் பாருங்கள்.

எம்பிபிஎஸ் உண்மையாகவே முக்கியமாவது இரண்டாவது வேலையில்தான். 40 கேபியில் தொடங்கிய விளையாட்டு, இன்று பெரிய தலைப்புகளில் 100 ஜிபியைத் தொடுகிறது. கணக்குப் போடுவோம். 1 பைட் என்பது 8 பிட். ஆகவே 100 ஜிபி என்பது 8,00,000 மெகாபிட். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 8,000 விநாடி, அதாவது சுமார் 2 மணி 13 நிமிடம். 40 எம்பிபிஎஸ்ஸில் 20,000 விநாடி, சுமார் ஐந்தரை மணி நேரம். இரவு போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் தயார். அந்த ட்ரீம்காஸ்ட் மோடத்தில் இதை இறக்கியிருந்தால் 165 நாள் ஆகியிருக்கும்! ஆகவே 40 எம்பிபிஎஸ் போதும். பொறுமை மட்டும் கொஞ்சம் வேண்டும். மாத டேட்டா வரம்பு உள்ள திட்டமானால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கன்சோலின் உள்ளேயும் இதே நெருக்கடிதான். 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5இல் 825 ஜிபி எஸ்எஸ்டி இருந்தது. அதில் நமக்குக் கிடைப்பது சுமார் 667 ஜிபி. 100 ஜிபி விளையாட்டு ஆறு வைக்கலாம். ஏழாவதுக்கு ஒன்றை அழிக்க வேண்டும். அந்த எஸ்எஸ்டி விநாடிக்கு 5.5 ஜிபி படிக்கும். முந்தைய பிளேஸ்டேஷன் 4இன் சுழலும் ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 50 முதல் 100 எம்பிதான் படித்தது. புதிய விளையாட்டுகள் இந்த வேகத்தை நம்பி எழுதப்படுவதால், சாதாரண யூஎஸ்பி ஹார்ட் டிஸ்கில் பிளேஸ்டேஷன் 5 விளையாட்டைச் சேமித்து வைக்கலாமே தவிர, அதிலிருந்து ஆட முடியாது. கூடுதல் இடம் வேண்டுமானால் எம்.2 வகை எஸ்எஸ்டி வாங்க வேண்டும்.

டிஸ்க்கின் பாடும் அதுவே. டிஸ்க்கிலிருந்து நேரடியாக ஓடும் அளவுக்கு அது வேகமில்லை. அதனால் உள்ளே இருப்பது எஸ்எஸ்டிக்கு நகலாகிறது. அதன் பிறகு டிஸ்க்கின் வேலை, ‘இவர் வாங்கியவர்தான்’ என்று சாட்சி சொல்வது மட்டும். புத்தகமாக இருந்தது ரசீதாகிவிட்டது.

இப்போது மூன்றாவது வேலைக்கு வருவோம். 2011 ஏப்ரலில் சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் ஹேக்கர்கள் புகுந்தார்கள். சுமார் 7.7 கோடிக் கணக்குகளின் விவரம் ஆபத்துக்குள்ளானது. சேவை மூன்று வாரத்துக்கு மேல் முடங்கியது. டிஸ்க் வைத்திருந்தவர்கள் தனியாக ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் கேப்காம் நிறுவனத்தின் ‘பயோனிக் கமாண்டோ ரீஆர்ம்டு 2’ போன்ற சில விளையாட்டுகளைப் பதிவிறக்கி வாங்கியவர்களால் தனியாகக்கூட ஆட முடியவில்லை. தொடங்கும்போது சர்வரிடம் அனுமதி கேட்கும்படி அவை எழுதப்பட்டிருந்தன. பதில் சொல்ல சர்வர் இல்லை.

இரண்டு வருடம் கழித்து மைக்ரோசாஃப்ட் இதையே ஒரு கன்சோலின் பொதுவிதியாக்கப் பார்த்தது. 2013இல் அறிவித்த எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல், 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தோடு பேச வேண்டும். இல்லையென்றால் டிஸ்க் கையில் இருந்தாலும் விளையாட்டு ஓடாது என்றார்கள். பரிந்துரைத்த வேகம் 1.5 எம்பிபிஎஸ். மேலும், முதலில் அறிவித்த 21 நாடுகளில் இருந்தால்தான் சேவை கிடைக்கும். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை, போலந்து இல்லை, ஜப்பான்கூட இல்லை. இணைய வசதி இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்டபோது, அவர்களுக்கு எங்கள் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 இருக்கிறதே என்ற பொருளில் பதில் சொன்னார் அப்பிரிவின் தலைவர் டான் மேட்ரிக். எதிர்ப்பு கிளம்பியது. வெளிநாட்டு முகாம்களில் இருக்கும் ராணுவ வீரர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி அமெரிக்காவிலேயே எழுந்தது. ஜூன் 6ஆம் தேதி விளக்கிய விதிகளை ஜூன் 19ஆம் தேதி திரும்பப் பெற்றார்கள். வாடிக்கையாளர் குரல் வென்ற அரிய தருணம் அது.

ஆனால் அந்த வெற்றி முழுமையானதல்ல. பெரிய விதி போய்விட்டது; சின்னச் சின்ன விதிகள் ஓசையின்றி வந்தன. எக்ஸ்பாக்ஸ் ஒன்னை முதன்முறை இயக்க ஒருமுறையாவது இணையம் வேண்டியிருந்தது. 2023இல் வந்த பிளேஸ்டேஷன் 5 மாடலில் டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம். ஆனால் அதைக் கன்சோலோடு பதிவுசெய்ய இணையம் தேவை. 2025 ஜூனில் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 2க்கு ‘கேம்-கீ கார்டு’ என்று ஒரு வகை அட்டை விற்கிறார்கள். அட்டைக்குள் விளையாட்டு இல்லை. அதைப் பதிவிறக்குவதற்கான சாவி மட்டும் இருக்கிறது.

பதில் சொல்லும் சர்வர் என்றைக்கும் இருக்குமா? மைக்ரோசாஃப்ட் பழைய எக்ஸ்பாக்ஸுக்கான லைவ் சேவையை 2010 ஏப்ரல் 15இல் நிறுத்தியது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களின் இணைப்பு மட்டும் உடனே அறுபடவில்லை. ‘ஹேலோ 2’ ரசிகர்கள் சிலர் கன்சோலை அணைக்காமலே, மே மாதம் வரை அந்த உலகத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராக இணைப்பு அறுந்து, கடைசியில் அதுவும் முடிந்தது. யுபிசாஃப்ட் 2014இல் விற்ற ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வரை 2024 மார்ச் 31இல் நிறுத்தியது. தனியாக ஓட்டினாலும் சர்வர் வேண்டும் என்பதால், காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் அன்றோடு வெறும் பிளாஸ்டிக் வட்டு. இந்தப் பின்னணியில்தான் கலிஃபோர்னியா மாநிலம் 2024இல் ஒரு சட்டம் போட்டது: டிஜிட்டல் பொருளை ‘வாங்குங்கள்’ என்று விற்கும் கடைக்காரர், அது வெறும் பயன்பாட்டு உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இந்த அனுமதிச் செய்தி ஒரு குறுஞ்செய்தி அளவுகூடப் பெரிதில்லை. மிகக் குறைந்த வேகத்தைக் கேட்கும் வேலை இதுதான். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதும் இதுதான். 1 எம்பிபிஎஸ் இருந்தாலும் நடக்கும், 1,000 எம்பிபிஎஸ் இருந்தாலும் சர்வர் மூடப்பட்டால் நடக்காது.

ஆகவே கடைக்குப் போகும்போது இந்த நான்கையும் கேளுங்கள். இந்த மாடலில் டிஸ்க் டிரைவ் இருக்கிறதா? இந்த அட்டை அல்லது டிஸ்க்கில் விளையாட்டு முழுவதும் இருக்கிறதா, சாவி மட்டும் இருக்கிறதா? ஒருமுறை நிறுவிய பிறகு இணையத்தைத் துண்டித்தாலும் தனியாக ஆட முடியுமா? சர்வர் மூடப்பட்டால் என்ன மிஞ்சும்? கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் பெட்டியின் பின்புறம் சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பிள்ளைகளையும் படிக்கச் சொல்லுங்கள். தங்கள் கையில் இருப்பது எந்த அளவுக்குத் தங்களுடையது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கும் உரிமை உண்டு.

இதில் விட்டுப்போன கன்சோல்கள் நிறைய. விவரம் தெரிந்த இளைய நண்பர்கள் பின்னூட்டத்தில் சேர்த்தால் எல்லோருக்கும் பயன்படும்.