டாக்டிக்ஸ் ஓகர்: காய் நகர்த்தும் கை

ஜப்பானின் குவெஸ்ட் நிறுவனம் சூப்பர் ஃபாமிகாம் கருவிக்காக 1995 அக்டோபரில் வெளியிட்ட வியூக ஆர்பிஜி வகை வீடியோ கேம் ‘டாக்டிக்ஸ் ஓகர்’. எழுதி இயக்கியவர் யாசுமி மட்சுனோ. பாத்திரங்களை வரைந்தவர் அகிஹிகோ யோஷிதா. இசை ஹிதோஷி சகிமோட்டோவும் மசஹாரு இவாட்டாவும். ‘லெட் அஸ் கிளிங் டுகெதர்’ என்ற துணைத்தலைப்பு குவீன் இசைக்குழுவின் பாடல் ஒன்றிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் இந்த கேம் 1998இல்தான் பிளேஸ்டேஷன் வழியாக அமெரிக்காவை எட்டியது. அதற்குள் மட்சுனோ ஸ்கொயர் நிறுவனத்துக்கு மாறி உருவாக்கிய ‘ஃபைனல் ஃபேண்டசி டாக்டிக்ஸ்’ அங்கே கடைக்கு வந்து பெயரும் வாங்கிவிட்டது. அண்ணன் இருக்கத் தம்பிக்கு முதலில் கல்யாணம் ஆன கதைதான். 2010இல் பிஎஸ்பி கருவிக்கும், 2022இல் ‘ரீபார்ன்’ என்ற பெயரில் இன்றைய கருவிகளுக்கும் புதுப்பித்து வெளியிட்ட பிறகும், தம்பியின் புகழ் அண்ணனுக்கு வாய்க்கவில்லை.

இதை விரும்புகிறவர்கள் முதலில் சொல்லும் காரணம், கதை கிளை பிரிகிறது என்பது. அது உண்மை என்றாலும் போதாது. கிளை பிரியும் கதைகள் வேறு கேம்களிலும் உண்டு. இந்த கேமின் பிடி வேறிடத்தில் இருக்கிறது. முதலில் அது ஆடுபவரை நல்ல கணக்குக்காரராகப் பழக்குகிறது. பிறகு அதே கணக்கை வைத்தே அவரிடம் ஒரு கொடுஞ்செயலைக் கேட்கிறது. பழக்கும் விதத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். களம் சாய்கோணத்தில் கட்டங்களாக விரிகிறது; ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரம். கூரைமேல் நிற்கும் வில்லாளியின் அம்பு கீழே நிற்பவனுடையதைவிடத் தொலைவு போகும். குறுக்கே நம் ஆளே நின்றால் அவன் முதுகில் பாயும். நம் படை முழுவதும் நகர்ந்த பிறகு எதிரிப்படை நகரும் என்ற, ‘ஃபயர் எம்பளம்’ கேம்களின் வழக்கம் இங்கே இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனி முறை. கனத்த கவசம் மாட்டியவனுக்கு அது தாமதமாக வரும். அதனால் இரும்புத் தொப்பி ஒன்றை மாட்டுவதா கழற்றுவதா என்பதுகூட உயிருக்கும் நேரத்துக்கும் இடையிலான பேரம். மூல வடிவில் விழுந்தவன் விழுந்தவன்தான். பத்து மணி நேரம் ஆடியவருக்கு ஆட்கள் எடை, எட்டும் தூரம், மிச்சமிருக்கும் உயிர்ப்புள்ளி என்றுதான் தெரிவார்கள். ஒரு காயைக் கொடுத்து இரண்டை வெட்டுவது தவறல்ல, திறமை.

கதை நடப்பது வலேரியா என்ற கற்பனைத் தீவுக்கூட்டத்தில். தீவுகளை ஒரே ஆட்சியின் கீழ் கொண்டுவந்த மன்னர் டோர்கலுவா இறந்ததும் பாக்ரம், கால்கஸ்தான், வாலிஸ்டர் என்ற மூன்று இனத்தாரும் அடித்துக்கொள்கிறார்கள். மூன்றில் நலிந்தது வாலிஸ்டர். அந்தப் பக்கத்து இளைஞன் டெனம், அக்கா காட்டியுவா, நண்பன் வைஸ் ஆகியோரோடு கதை தொடங்குகிறது. கோலியாட் துறைமுகத்தில் தங்கள் ஊரை அழித்த லான்ஸ்லாட் என்று நினைத்து, அதே பெயருள்ள வேறொரு வீரரின் வழியை மறிக்கிறார்கள். முதல் காட்சியிலேயே ஆள் மாறிப்போகிறது. பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் அது முன்னோட்டம். முதல் அத்தியாயத்தின் முடிவில், கால்கஸ்தான் பிடியில் வாலிஸ்டர் மக்கள் அடைபட்டிருக்கும் பால்மமூசா என்ற ஊருக்கு டெனம் போகிறான். போராட எழுங்கள் என்று கேட்கிறான், அவர்கள் மறுக்கிறார்கள். அப்போது மூத்த வீரன் லியோனார் வாலிஸ்டர் தலைவரின் ரகசியக் கட்டளையை எடுத்துச் சொல்கிறான்: இவர்களைக் கொன்று, பழியைக் கால்கஸ்தான்மேல் போடு, சிதறிக் கிடக்கும் நம் இனம் கொதித்து ஒன்றுசேரும். இதில் பைத்தியக்காரத்தனம் எதுவும் இல்லை என்பதுதான் பயங்கரம். அதுவரை ஒவ்வொரு களத்திலும் ஆடுபவர் போட்ட கணக்கேதான் இது, அளவு மட்டும் பெரிது. ஒப்புக்கொண்டால் அடுத்த அத்தியாயத்தின் ஜப்பானியத் தலைப்பு, யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது என்று பொருள்படும். யாரும் குறை சொல்லாதபோதே முந்திக்கொண்டு வரும் சமாதானம் அது.

எந்தப் பதிலைச் சொன்னாலும் படுகொலை நடந்துவிடுகிறதே, கிளைகள் எல்லாம் நான்காம் அத்தியாயத்தில் ஒன்றாகிவிடுகின்றனவே, பிறகு தேர்வுக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மறுத்தால் ஊர் பிழைக்கும் என்று இருந்திருந்தால் அது தேர்வே அல்ல. நல்லவனாக இருப்பதற்குப் பரிசு கொடுக்கும் கடை. இங்கே மறுத்தவனால் ஒரு குழந்தையைக்கூடக் காப்பாற்ற முடிவதில்லை. போதாக்குறைக்கு அந்தக் கொலைப்பழியே அவன்மேல் விழுந்து, அவன் தலைக்கு விலையும் வைக்கப்படுகிறது. பலன் எதுவும் இல்லாத இடத்திலும் மறுப்பதா என்பதே கேள்வியாகிறது. பலனை வைத்தே எல்லாவற்றையும் அளக்கப் பழகிய கைக்கு அந்தக் கேள்வி புதிது.

யூகோஸ்லாவியா உடைந்தபோது நடந்த இனப்போர்கள் தன்னைப் பாதித்ததாக மட்சுனோ சொல்லியிருக்கிறார். கேம் வெளியானதற்குச் சுமார் 3 மாதங்களுக்கு முன், 1995 ஜூலையில், ஸ்ரெப்ரெனிட்சா படுகொலை நடந்தது. அதைப் பார்த்து இது எழுதப்படவில்லை. அதற்கு அவகாசம் இருந்திருக்காது. ஆனால் அண்டை வீட்டாரை எதிரி இனமாக மாற்றும் அரசியலின் போக்கு அதற்குள் உலகத்துக்கே தெரிந்திருந்தது. அதை கேம் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்றால், வாலிஸ்டருக்காக வாளெடுத்த டெனம் பிறப்பால் பாக்ரம் இனத்தவன் என்று தெரியவரும் இடத்தில். எந்த ரத்தத்தின் பெயரால் கொன்றானோ அது அவன் ரத்தமே அல்ல. இனம் என்பது போர்க்களத்தில் வெறும் சொல்லாகவும் நின்றுவிடுவதில்லை. ஒவ்வோர் இனமும் டெனத்தை எப்படி மதிக்கிறது என்று திரைக்குப் பின்னால் ஓர் எண் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். தன் இனத்தாரையே வெட்டவேண்டி வரும் படைவீரனின் விசுவாசம் குறையும்.

கேமுக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. சண்டைகள் நீளம். மூல வடிவில் பலம் ஏற்ற, சொந்த ஆட்களையே எதிரெதிரே நிறுத்திக் கல்லெறிய விட்ட கூத்தும் உண்டு. வில்லாளிகள் கை அளவுக்கு மீறி ஓங்கியிருந்தது. 2022 பதிப்பு அந்தக் கல்லெறிக்கு முடிவு கட்ட, கதை நகர நகர உயரும் ஒரு நிலை உச்சவரம்பை வைத்தது. விருப்பம்போல் பலம் ஏற்றி வந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வாதத்தோடு ஒட்டிப் பார்த்தால் வரம்பு பொருந்துகிறது. நூறு மடங்கு பலசாலிக்குக் கணக்குப் போடும் தேவையே இல்லை.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. 2010 பதிப்பில் தேர்ச் சீட்டு என்ற வசதி வந்தது. சண்டையில் 50 நகர்வுகள்வரை பின்னோக்கிப் போய் வேறு மாதிரி ஆடலாம். கேமை ஒருமுறை முடித்தவர்களுக்கு உலகச் சீட்டு. கதை பிரிந்த இடத்துக்கே திரும்பி மறு கிளையைப் பிடிக்கலாம். அழித்து எழுத முடிகிற முடிவுக்கு என்ன கனம் என்று கேட்கிறார்கள். தேர்ச் சீட்டைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதில் பாதி சரி; விழுந்தவனுக்காகத் துக்கப்படும் நேரத்தில் பொத்தானை அமுக்கிவிடுகிறோம். ஆனால் அதன் எல்லை களத்தோடு சரி. பால்மமூசாவைத் திருப்பும் பொத்தான் எதுவும் அதில் இல்லை. உலகச் சீட்டு செய்வதோ நேர் எதிர். முதல் தடவை மறுத்தவர், கட்டளையை ஏற்று லியோனார் பக்கம் போன வைஸைத் துரோகி என்று நினைத்திருப்பார். திரும்பிப் போய் இம்முறை ஏற்றுக்கொண்டால், மறுத்து வெளியேறுவது வைஸ். அதே ஊர், அதே கட்டளை, அதே நண்பன். சென்ற முறை டெனம் நின்ற இடத்தில் இப்போது அவன் நிற்கிறான், டெனத்துக்கு எதிராக வாளை உருவிக்கொண்டு.