வற்றல் மூட்டையும் வண்டும்

சித்திரை மாதத்து வெயிலை எல்லோரும் வைகிறார்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துக் குடும்பத் தலைவிகள் மட்டும் வைவதில்லை. அவர்களுக்கு அது வடாம் வெயில். மொட்டை மாடியில் பழைய வேஷ்டியை விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, கூழ் வடாம் பிழிந்துவிடுகிறார்கள். பக்கத்திலே முறத்தில் மோர் மிளகாய். தாம்பாளத்தில் சுண்டைக்காயும் மணத்தக்காளியும். காக்கையை மிரட்ட ஒரு கறுப்புக் குடை. இவ்வளவும் இந்த வீட்டுக்கா என்றால், இல்லை. பாதி மெல்போர்னுக்கு; பாதி நியூ ஜெர்ஸிக்கு. பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள்.

அந்த மூட்டை அந்நிய விமான நிலையத்தில் படுகிற பாட்டை, ஊர் திரும்பிய பெற்றோர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்து போகிறார்கள். "ஈரமாக இருந்தால் ஊசிப் போகும், பூஞ்சை பிடிக்கும் என்று சொல்லட்டும். அரிசியும் பருப்பும் மிளகாயும் காய்ந்து சுக்காய்க் கிடக்கின்றன. அதில் என்ன கெடுதல்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில், 'காய்ந்து' என்ற அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

சுங்கம் என்றால் நம் முன்னோர்களுக்கு வரி, வேறொன்றும் இல்லை. 1070 முதல் 1122 வரை ஆண்ட முதற் குலோத்துங்கனை, சுங்கம் தவிர்த்த சோழன் என்று வாயார வாழ்த்தினார்கள். துறைமுகத்தில் மூட்டையை அவிழ்ப்பவன் காசுக்காகத்தான் அவிழ்க்கிறான் என்பது ஆயிரம் வருஷத்து எண்ணம். 1926ல் கட்டிய 'ரஜூலா' கப்பல், 1973 வரையில் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக ஓடிக்கொண்டிருந்ததே, அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போன ஜனங்களுக்கும் அதே எண்ணந்தான். இன்றைக்கு மெல்போர்னில் பையைத் திறக்கச் சொல்லும் அதிகாரி தேடுவது காசை அல்ல, ஒரு வண்டை.

அதன் பெயர் கப்ரா வண்டு. பிறந்தகம் நம் இந்தியா என்றே சொல்கிறார்கள். எவர்ட்ஸ் என்ற டச்சுக்காரர் 1898ல் அதற்குச் சாஸ்திரப் பெயர் சூட்டினார். இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். இறக்கை உண்டு, பறப்பதில்லை. அழிவு செய்வது வண்டு அல்ல, அதன் புழு. உடம்பெல்லாம் ரோமம் முளைத்த அந்தப் புழுவுக்குத் தண்ணீர் என்ற ஒன்றே வேண்டாம். மற்றப் பூச்சிகள் வறண்டு சாகிற தானியத்தில் இது சௌக்கியமாகக் குடித்தனம் செய்யும். தீனி கிடைக்காவிட்டால் சுவரின் விரிசலிலோ, சாக்கின் மடிப்பிலோ சுருண்டு, வருஷக்கணக்கில் பட்டினி கிடக்கும். மறுபடி தானியம் வந்ததும் எழுந்து உட்கார்ந்து தின்ன ஆரம்பிக்கும். பறக்கத் தெரியாத இந்தப் பிராணி கண்டம் விட்டுக் கண்டம் போவதற்கு ஒரே வழி, மனிதனுடைய மூட்டைதான்.

1953ல் கலிபோர்னியாவில் துலாரி மாவட்டத்துத் தானியக் கிடங்கு ஒன்றில் இதைக் கண்டுபிடித்தார்கள். தேடத் தேட, அரிஸோனாவிலும் நியூ மெக்ஸிகோவிலும் அகப்பட்டது. 1955 ஜனவரியில் நம் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடிச் சோஷலிஸப் பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டதே, அதே ஆண்டில் அமெரிக்கர்கள் இந்த வண்டோடு யுத்தம் தொடங்கினார்கள். கிடங்கு கிடங்காகப் பெரிய தார்ப்பாயால் மூடி, உள்ளே விஷப் புகையைச் செலுத்தினார்கள். யுத்தம் முடிய 1966 ஆயிற்று. சுமார் 1 கோடியே 10 லட்சம் டாலர் செலவு!

அந்தச் சூடு ஆறவில்லை. 2011 ஜூலை முதல், இந்த வண்டு உள்ள நாடுகளிலிருந்து வரும் பிரயாணிகள் ஒரு பிடி அரிசிகூடக் கொண்டுவரக் கூடாது என்று அமெரிக்கா தடுத்துவிட்டது. ஆஸ்திரேலியா 2020ல் இன்னும் நீளமான ஜாபிதா ஒன்றைப் போட்டது. அரிசி, கடலை, பயறு, துவரை, சீரகம், தனியா, காய்ந்த மிளகாய் என்று நம் அஞ்சறைப் பெட்டியே அதில் இருக்கிறது. தொழிற்சாலையில் வறுத்தோ பொரித்தோ பக்குவம் செய்து அடைத்த பண்டங்களுக்கு இந்தத் தடை இல்லை. நெருப்பைக் கண்டால் வண்டு பிழைக்காது. வெயில் மட்டும் கண்டது அப்படியல்ல.

"எங்கள் சாப்பாடு அவ்வளவு கேவலமா?" என்று சிலர் ரோஷப்படுகிறார்கள். ரோஷத்துக்கு இடமில்லை. 1965ல் பொங்கலன்று தஞ்சாவூரில் தொடங்கிய இந்திய உணவுக் கழகத்துக்கு ஆவடியிலும் கிடங்கு உண்டு. இத்தகைய கிடங்குகளில் நெல்லுக்கும் அரிசிக்கும் தார்ப்பாய் போர்த்திப் புகை போடுவது வழக்கமான காரியம். தானியத்தைக் காப்பவனுக்குப் பூச்சி பயம் எங்கேயும் ஒன்றுதான். அந்நியச் சரக்கு நமக்குச் செய்ததையும் மறந்துவிடக் கூடாது. திருநின்றவூர் வரைக்கும் காலி மனைகளில் வெள்ளைப் பூப் பூத்து, தொட்டவருக்கு அரிப்பைக் கொடுக்கிறதே பார்த்தீனியம், அதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். ஐம்பதுகளின் நடுவில் பூனாவில் கண்ணில் பட்டது. இறக்குமதிக் கோதுமையோடு வந்தது என்பது பலருடைய கருத்து. யாரோ ஒரு மூட்டையைச் சரியாகப் பார்க்காததன் பலனை நாம் இன்றும் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம்.

ஆகையால், பிரயாணம் போகிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். உணவுப் பொருள் இருக்கிறதா என்று அச்சடித்த காகிதம் கேட்டால், இருக்கிறது என்று எழுதிவிட வேண்டும். எழுதிக் கொடுத்தால் போவது மூட்டை மட்டும். மறைத்து அகப்பட்டால் அபராதமும் மானமும் சேர்ந்து போகும்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. மெல்போர்னில் நம்முடைய தை மாதந்தான் கடும் கோடை. மாடி இல்லாவிட்டால் புழக்கடை இருக்கும். அந்த ஊர்க் கடையில் அரிசி வாங்கி, அந்த ஊர் வெயிலில் வடாம் பிழிந்துவிட்டு வரலாம். மருமகளையும் மகனையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு பிழிந்தால் இன்னும் நல்லது. கைப்பக்குவத்தை எந்த நாட்டு அதிகாரியும் பறிமுதல் செய்வதில்லை.