பேக்பேக்கருக்கு முன்னாடியே சத்திரம்

திருவல்லிக்கேணி மேன்ஷன்ல இருந்தவங்களுக்குத் தெரியும். மாச வாடகை, ஒரு கட்டில், பொதுக் குளியலறை, சாப்பாட்டுக்கு மெஸ். காய்ச்சல்னு படுத்தா பக்கத்து ரூம்காரன்தான் கஞ்சி வாங்கித் தரணும். எனக்கும் அப்படித்தான்.

இப்ப கோவளம், மாமல்லபுரம்னு கடலோரமா பேக்பேக்கர் ஹாஸ்டல்கள் வந்தாச்சு. புதுசுன்னு நினைக்கறோம். ஆனா ராமேஸ்வரம் போற யாத்ரீகர்களுக்காக, வழிநெடுக தஞ்சை மராட்டிய மன்னர்கள் சத்திரம் கட்டி வச்சிருந்தாங்க. பலதுக்கு அரண்மனைப் பெண்களோட பேரு: நீடாமங்கலத்துல யமுனாம்பாள், ஒரத்தநாட்டுல முக்தாம்பாள்.

1799 உடன்படிக்கையோட நாட்டு நிர்வாகம் கம்பெனி கைக்குப் போயிடுச்சு. சத்திரங்களும் போயிடக் கூடாதேன்னு 1801-ல இரண்டாம் சரபோஜி ஆங்கிலேய ரெசிடென்ட்டுக்குக் கடிதம் எழுதினார். அங்க என்ன நடக்குதுன்னு அதுல விவரமாச் சொல்றார். எந்த ஜாதி வழிப்போக்கனுக்கும் சோறு உண்டு. நடுராத்திரி மணி அடிச்சு, சாப்பிடாதவங்களைக் கூப்பிடுவாங்க. நோயாளிக்கு வைத்தியரும் மருந்தும். கர்ப்பிணிக்குப் பிரசவம் பார்ப்பாங்க. குழந்தைக்குப் பால். இறந்துபோனா, அவங்கவங்க வழக்கப்படி ஈமக்கிரியை.

ஜாதி வித்தியாசமே இல்லைன்னு நான் சொல்ல வரலை. அந்தக் காலத்துல அது எங்கேயும் இருந்துச்சு. ஆனா ஒரு விடுதியை எதை வச்சு அளக்கணும்னு இந்தக் கடிதம் சொல்லுது. வைஃபையும் கட்டிலும் இல்லீங்க. கையில காசில்லாம, உடம்பு முடியாம, நேரங்கெட்ட நேரத்துல ஒருத்தன் வந்து நின்னா என்ன செய்யறாங்க? அதான் கணக்கு.

உங்க ஊர்ப்பக்கம் பழைய சத்திரம் இருந்தா சொல்லுங்க மக்களே!