அறிவும் பொறுப்பும்: மனநோயுற்றோர் குற்றம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கி.பி. 1800 மே 15 அன்று, இலண்டன் நாடக அரங்கொன்றில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரை நோக்கி ஜேம்ஸ் ஹாட்ஃபீல்டு என்பவன் துப்பாக்கியால் சுட்டான். குறி தவறியது. 1794-இல் பிரெஞ்சுப் படையுடன் பொருதுகையில் தலையில் வாள்வெட்டுப் பட்ட போர்வீரன் அவன். தன் மரணத்தினால் கிறிஸ்துவின் இரண்டாம் வருகை நிகழுமென்று நம்பினான். பானிஸ்டர் டுரூலாக் என்ற மதவெறியன் அந்நம்பிக்கையை வளர்த்தான். தன்னுயிரைத் தானே போக்கிக்கொள்ள மனமின்றி, அரசின் கையால் மடியவே ஹாட்ஃபீல்டு இதற்குத் துணிந்தான்.

காட்டு விலங்கைப் போல் அறிவு முற்றும் அற்றவனுக்கே விலக்கு உண்டு என்பது 1724-ஆம் ஆண்டின் ஆர்னால்டு வழக்கு வகுத்த அளவுகோல். ஹாட்ஃபீல்டோ திட்டமிட்டவன், தண்டனையை அறிந்தவன். எனினும், பொய்த்தோற்ற நம்பிக்கையே மனநோயின் மெய்யான இயல்பு என்று வழக்கறிஞர் எர்ஸ்கின் வாதிட்டு வென்றார். அவ்வாண்டே இயற்றப்பட்ட சட்டம், இவ்வாறு தீர்ப்புப் பெற்றோரைக் காவலில் வைக்க வழிசெய்தது. ஹாட்ஃபீல்டு 1841-இல் காவலிலேயே மரித்தான்.

1843 ஜனவரியில், டேனியல் மெக்நாட்டன் என்னும் கிளாஸ்கோ மரக்கடைசல் தொழிலாளி, பிரதமர் பீலின் செயலரான டிரம்மண்டைச் சுட்டான். அவர் சில நாளில் இறந்தார். ஆளுங்கட்சியார் தன்னைத் துன்புறுத்துவதாக அவன் நம்பியிருந்தான். அவன் குற்றவாளியல்லன் என்ற தீர்ப்பு நாட்டைக் கொதிப்படையச் செய்தது. பிரபுக்கள் சபை நீதிபதிகளிடம் விளக்கம் கேட்டது. மனநோயினால் தன் செயலின் தன்மையையோ, அது தவறென்பதையோ அறியாதிருந்தவனே பொறுப்பினின்று நீங்குவான் என்று அவர்கள் விடையளித்தனர். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்து 84-ஆம் பிரிவு இதனைத் தழுவியதே. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவில் அது தொடர்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. தன் செயல் மரண தண்டனைக்குரியது என்பதை ஹாட்ஃபீல்டு அறிந்தே இருந்தான். பின்னாளைய அளவுகோலின்படி அவன் தப்பியிருத்தல் அரிது. சட்டம் அறிவை அளக்கிறது. நோயுற்ற உள்ளம் பட்ட பாட்டை அளப்பதில்லை. எஜமானனின் சித்தத்தை அறிந்த ஊழியக்காரனையும் அறியாதவனையும் நம் ஆண்டவரும் வேறுபடுத்தினார். ஆயினும் மேய்ப்பனின் கடமை நீதிமன்றத்திற்கு முன்னரே தொடங்குகிறது. வருகையைப் பற்றி விபரீதமாகப் பேசி ஒருவன் நம்மிடம் வரும்போது, அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமா, அல்லது டுரூலாக்கைப் போல் ஆமென் சொல்வோமா?